நிலப்பனை முளை

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் பஸ். ஜன்னலுக்கு வெளியே உப்பளங்கள் வெயிலில் மிதந்தன. நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். முன் சீட்டில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

"ரெண்டு வருசமா வெறும் மண்ணுக்குத் தண்ணி ஊத்துதேன், மதினி."

"என்னத்தப் போட்டிருக்க, ஏளா?"

"நிலப்பனை விதை. குத்தாலத்துல காட்டு நிழல்ல பொறுக்குனது. வீட்லயும் வேப்பமர நிழல்லதான் வச்சிருக்கேன். மண்ணு எப்பம் பூக்கும்னு அவுக கேலி பண்ணுதாவ."

"மெதுவாத்தான் மொளைக்கும். மொளைச்சா பனங்கன்னு மாதிரியே இருக்கும் பாத்துக்க. உன் வீட்டுக்காரர் பிடுங்கிப் போட்டுராம!"

"பிடுங்கட்டும், அன்னைக்குச் சோறு கிடையாது."

இருவரும் சிரித்தார்கள். நான் கண்ணைத் திறக்கவில்லை.

என் மனைவியும் அந்த விதையைத்தான் ஒரு தொட்டியில் போட்டு, நிழலில் வைத்து, தினமும் குனிந்து பார்ப்பாள். ஒரு காலையில் அதில் பச்சையாக நீட்டிக்கொண்டிருந்ததைப் பனங்கன்று என்று நினைத்துப் பிடுங்கினேன். அடியில் பனங்கொட்டை இல்லை. அப்போதே புரிந்துவிட்டது. தூர எறிந்துவிட்டு வந்தேன், அவளிடம் சொல்லவில்லை.

சாகும்வரை அவள் அந்த மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றினாள். முடியாத நாட்களில் செம்பை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன்.