மூன்று தட்டு

ராத்திரி ஒன்றே முக்கால். அய்யனார் கோவில் ரோட்டிலிருந்து யுனிவர்சிட்டிக்குப் பிரிகிற ஒற்றைத் தார்ச்சாலை... நாய்கூட இல்லை. நாய்க்கு மூக்கு உண்டல்லவா.

என் சம்பந்தியின் தம்பி மகன் வேல்பாண்டி. மோட்டார் ஃபிட்டர். பொய் சொல்லத் தெரியாதவன். குடும்பத்தில் அந்தப் பழக்கம் என்னோடு நின்றுவிட்டது.

அங்கே ஹாஸ்டல் கழிவெல்லாம் முப்பதடிக் கிணறு ஒன்றில் வந்து விழும். பழைய பம்பைக் கழற்றிவிட்டு, தானாக ஓடித் தானாக நிற்கிற புதுப் பம்பு இறக்கவேண்டும். பிள்ளைகள் தூங்கினால்தான் வரத்துக் குறையும். அதனால் அந்த நேரம்.

வேல்பாண்டி கிணற்று மூடியைத் திறந்தான்... பால்கோவா தின்கிறவர்கள் கீழே வைத்துவிடுங்கள். மேலே ஆடை கட்டியிருந்தது. மெஸ் எண்ணெய், சோப்பு நுரை, மற்றதும் சேர்ந்து இறுகி, மஞ்சளாக... அதே பதம். நடுவில் ஒரு கொப்புளம் வீங்கும். 'ப்ளப்'. நாக்கில் படிகிற நாற்றம்.

கூட வந்த விமல் டீ வாங்கப் போயிருந்தான். வேல்பாண்டி சுவிட்சுப் பெட்டிக்குப் பின்னால் ஒயர் மாட்டிக்கொண்டிருந்தான்.

டங்... டங்... டங்.

கிணற்றுக்குள் இறங்கும் இரும்புக் குழாய். உள்ளேயிருந்து.

ஓடிவந்து பார்த்தால், ஆடை ஆள் அகலத்துக்குக் கிழிந்திருக்கிறது. விமல்தான் திரும்பிவந்து விழுந்துவிட்டான் என்று பதறி, பம்பு இறக்கும் சங்கிலியை உள்ளே விட்டான். கீழே பிடி விழுந்தது. இழுத்தான்... ஆள் கனம். பாதி ஏறியிருக்கும்.

"அண்ணே, டீ ஆறுது. எதைத் தூக்குறிய?"

பின்னால் விமல் நிற்கிறான்.

சங்கிலியை விட்டுவிட்டான். 'தொப்'. தெறித்ததில் ஒரு துளி வாய்க்குள் போயிற்று. இன்றைக்கும் எதைத் தின்றாலும் அந்த ருசிதானாம்.

விடிந்ததும் பழைய ஆபரேட்டர் சமுத்திரத்தைத் தேடிப்போனான். அவர் பல் துலக்கியபடியே சொன்னார்: "உள்ள இறங்குனவன் மூணு தட்டுனா, தூக்குன்னு அர்த்தம். மேல இருக்கவன் ரெண்டு தட்டுனா, பொறு. ஒண்ணு தட்டுனா, ஏறி வா. அது தட்டுச்சுன்னா ரெண்டு தட்டிட்டு நம்ம சோலியப் பாக்கணும்ப்பா."

"உள்ள யாரும் செத்துருக்காவளா?"

"இருபது வருசத்துல இறங்குனவன் அம்புட்டுப் பேரும் ஏறியாச்சு. பொறவும் தட்டுது... என்ன செய்ய?"

புதுப் பம்பு நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் தானாக ஓடுகிற பம்புக்கு ஆள் எதற்கு? பதிலுக்கு இரண்டு தட்ட அங்கே இப்போது யாரும் இல்லை.

நான்காம் நாள் ராத்திரி, ராஜபாளையத்தில் வேல்பாண்டி வீட்டுக் குளியலறைக் குழாயில்... டங், டங், டங். எழுந்துபோய்க் கரண்டியால் இரண்டு தட்டினான். அடங்கிவிட்டது. தினமும் அப்படித்தான். பயந்துவிடுவாளே என்று மனைவி முனீஸ்வரியிடம் மூச்சுவிடவில்லை.

போன வாரம் அவன் வெளியூர் வேலைக்குப் போயிருந்தான். குழாய் தட்டியது. தூக்கம் கெட்ட எரிச்சலில் முனீஸ்வரி தோசைக் கரண்டியை எடுத்துவந்து, ஓங்கி ஒரே ஒரு போடு போட்டாள்.

அதோடு குழாயில் சத்தம் நின்றுவிட்டது.

காலையில் அவள் எழுந்துபோய்ப் பார்த்தால், குளியலறைத் தாழ்ப்பாள் உள்ளே போட்டிருந்தது. கதவடியில் மஞ்சளாக ஆடை படர்ந்திருந்தது. இப்போது கதவைத்தான் தட்டுகிறதாம்... மூன்று.