பதினெட்டாவது கிளை

என் கையெழுத்து அவ்வளவு நன்றாக இருக்காது, ஐயா. பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான். இன்று எழுதியதை நாளை படிக்க நானே திணறுவேன். அதனால்தான் நாம் நினைப்பதை வட்டம் வட்டமாகப் போட்டுக் கோடு இழுத்துக் கொடுக்கும் அந்தக் கைப்பேசிச் செயலி எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாலாம் அறைக் கதவுக்கு மேலே இருக்கும் கேமராவில் நானும் என் மச்சினனும் நாற்பது விநாடி நின்று பேசுவது தெரிகிறது, சத்தம் பதிவாகவில்லை, என்ன பேசினீர்கள் என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் எதையும் நடுவிலிருந்து தொடங்கிக் கிளை கிளையாகப் போனால்தான் விளங்கும் என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

எங்களுடையது குளிர்பதனக் கிடங்கு. உறைந்த பட்டாணி, சோளம், கோழி எல்லாம் பெட்டி பெட்டியாக வந்து போகும். ஆறு அறைகள், பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி. பத்தொன்பது வருடமாக அங்கே பராமரிப்பு என் பொறுப்பு. ஒவ்வொரு அறையின் உட்புறமும் கதவை ஒட்டி ஒரு சிவப்புக் குமிழ் உண்டு. உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் அதைத் தள்ளித் திறந்துகொண்டு வரலாம். பக்கத்தில் ஒரு மணிப் பொத்தானும் உண்டு. இரண்டையும் வாரம் ஒரு முறை பார்த்து நோட்டில் எழுதுவேன். என் காலத்தில் ஒருவர்கூட உள்ளே மாட்டிக்கொண்டதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, அது என் வேலை.

என் மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி, சரக்கு இருப்புப் பார்க்கும் பிரிவில் இருந்தான். ஐந்து வருடத்துக்கு முன் மேனேஜரின் கையைக் காலைப் பிடித்து அவனை அங்கே சேர்த்துவிட்டவனே நான்தான். எந்நேரமும் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பான். கிடங்கில் எல்லாரும் அவனைச் சிரிப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். இவன் பாயவில்லை, அதுதான் சிக்கல். பாய்ந்திருந்தால் நாலு பேர் என் பக்கம் பேசியிருப்பார்கள். இவன் சிரித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனான்.

தளப் பொறுப்பாளர் ஓய்வு பெறப் போகிறார் என்ற பேச்சு வந்தது. பத்தொன்பது வருடம் காத்திருந்தவனுக்குத்தான் அந்த நாற்காலி என்று நான் நினைத்ததில் தப்பில்லை. ஆனால் மேலிடம் ஒரு பயிற்சியாளரை அனுப்பியது. கழுத்தில் பட்டை, பட்டையில் அட்டை, வாயில் ஓயாத சிரிப்பு. மனித மூளை ஒரு மரம் என்றார். என் அப்பா என்னை மரமண்டை என்று திட்டுவார். அவருக்கு முன்பே விஷயம் தெரிந்திருக்கிறது.

எல்லாருடைய கைப்பேசியிலும் அந்தச் செயலியை ஏற்றினார். நடு வட்டத்தில் உங்கள் தடையை எழுதுங்கள் என்றார். அந்தத் தடையை நீக்க என்னென்ன செய்யவேண்டுமோ அதையெல்லாம் சுற்றிலும் கிளை விடுங்கள். முடித்த கிளைக்கு டிக் போடுங்கள். கடைசிக் கிளைக்கும் டிக் விழுந்தால் திரை முழுக்க வண்ணக் காகிதத் துணுக்குகள் பறக்கும். போட்டுக் காட்டினார். முப்பது பேரும் கைதட்டினோம். பாதியில் விடுகிறவன் தொடங்காதவனைவிட மோசம் என்றும் சொன்னார். அதை நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். என் கையெழுத்தையும் மீறி அதை மட்டும் இன்றும் படிக்க முடிகிறது.

அன்று சிரிப்பு போட்ட படத்தில் ஏழு நிறம். பயிற்சியாளர் அதை அச்செடுத்துக் காபி மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினார். தளப் பொறுப்புக்கு ஏற்ற சிந்தனை என்று மேனேஜர் சொன்னார். வீட்டுக்குப் போய்க் கைப்பேசியை என் மனைவியிடம் காட்டினேன்.

"தம்பியும் இதையேதான் அனுப்பியிருந்தான். எவ்வளவு அழகா கலர் போட்டிருக்கான். உங்களோடது எலிவால் மாதிரி இருக்கே" என்றாள்.

அவள் மனதில் ஒன்றும் இல்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். நான் கோபப்படவில்லை. கோபப்படுகிறவன் திட்டமிட மாட்டான்.

மறுநாள் கிடங்குக் கழிப்பறையில் உட்கார்ந்து புதுப்படம் ஒன்று தொடங்கினேன். நடு வட்டத்தில் யார் பெயரையும் எழுதவில்லை. 'தடை' என்று மட்டும் எழுதினேன். பிறகு விரலால் இழுக்க இழுக்கக் கிளைகள் வந்தன. சிவப்புக் குமிழ். மணி. உள்ளே சிக்னல் இல்லை. புதன் மூன்று மணி, ஏனென்றால் புதன்தோறும் அவன் நாலாம் அறைக்குத் தனியாகப் போய் இருப்புப் பார்ப்பான். பத்து நிமிட வேலை என்பதால் மேல்கோட்டு போட மாட்டான், அது ஒரு கிளை. மொத்தம் பதினெட்டு. அப்போது எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை, ஐயா. மனதில் இருப்பதை வெளியே கொட்டினால் பாரம் குறையும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். உண்மையிலேயே குறைந்தது.

இரண்டு நாள் கழித்து 'சிவப்புக் குமிழ்' வட்டத்தின் பக்கத்தில் ஒரு ரோஜாப்பூ முளைத்திருந்தது. நான் போட்டதில்லை. தொட்டுப் பார்த்தேன், கொள்முதல் பிரிவு அம்மாவின் பெயர் வந்தது. அப்போதுதான் புரிந்தது. பயிற்சியாளர் எங்கள் எல்லாரையும் ஒரே குழுவில் சேர்த்திருக்கிறார். யார் எந்தப் படம் போட்டாலும் அது குழுவுக்குள் போய் உட்கார்ந்துவிடும். நான் கதவைச் சாத்திக்கொண்டு வரைந்ததை இரண்டு நாளாக முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மேனேஜர் அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் என்னைத்தான் கூப்பிடப் போகிறார்கள் என்று இருந்தது. கூப்பிடவில்லை. படத்தின் ஓரத்தில் காவலாளி கட்டைவிரலை உயர்த்தியிருந்தார். மேனேஜர், "பாதுகாப்பில் நல்ல அக்கறை. எழுத்து இன்னும் பெரிதாக இருக்கலாம்" என்று எழுதியிருந்தார். மூன்றாம் நாள் நன்றாகப் பசித்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிச் சொல்வார்கள். நான் மறைக்கவே இல்லை. தட்டின் நடுவில் வைத்து முப்பது பேருக்கும் பரிமாறினேன். ரொம்ப அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்.

சிரிப்பும் வந்தான். படத்துக்குள் வந்ததைச் சொல்கிறேன். எலிவால் கிளைகளுக்கெல்லாம் பச்சையும் ஆரஞ்சுமாக நிறம் அடித்துக் கொடுத்தான். 'புதன் மூன்று மணி' என்பதன் கீழே, "மூணு இல்ல மாமா, இப்பல்லாம் நாலு மணிக்குத்தான் போறேன்" என்று திருத்தினான். நன்றி என்று பதில் போட்டேன். பெரியவனுக்குச் சின்னவன் செய்கிற உதவியை மதிக்கவேண்டும் அல்லவா.

இதை நீங்கள் எழுதிக்கொள்ளவேண்டும், ஐயா. முப்பது பேரில் ஒரே ஒருவர் என்னிடம் வந்து, "இது என்ன படம், யாரு இந்தத் தடை?" என்று கேட்டிருந்தால் நான் அங்கேயே நிறுத்தியிருப்பேன். சத்தியமாக நிறுத்தியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை.

எதையும் நான் பழுதாக்கவும் இல்லை. நாலாம் அறைக் குமிழ் தானாகவே ஆடிக்கொண்டிருந்தது. தள்ளினால் கையோடு வந்துவிடும் நிலையில் இருந்தது. நான் அதைப் பழுது பார்க்கவில்லை, அவ்வளவுதான். மணியின் ஒயரில் பனி ஏறிக் கறுத்துப்போய், அழுத்தினாலும் அடிக்காமல் இருந்தது. நோட்டில் இரண்டுக்கும் எதிரே 'பார்த்தேன்' என்றுதான் எழுதினேன். பொய் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. 'தளத்தில் யாரும் இல்லை' என்ற கிளைக்கு மட்டும் வழி தெரியாமல் பத்து நாள் இருந்தேன். பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல் மேனேஜரே அதை முடித்துக் கொடுத்தார். புதன்கிழமை நாலேகாலுக்கு மாடியில் எல்லாருக்கும் கூட்டம், பயிற்சியாளரும் வருகிறார், சிரிப்பு மட்டும் இருப்புப் பார்த்துவிட்டு மெதுவாக வந்தால் போதும் என்று அறிவிப்பு வந்தது.

அந்தப் புதன்கிழமை காலை பதினேழு கிளைக்கு டிக் விழுந்திருந்தது. 'கதவு' ஒன்றுதான் பாக்கி. நாலு மணிக்கு அவன் உள்ளே போனான். நான் கதவைச் சாத்தினேன். குளிர் அறைக் கதவைத் திறந்து வைப்பது விதிப்படி தவறு, அதற்கு அபராதம்கூட உண்டு. கொண்டியைப் போட்டேன். மாடிக்குப் போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன்.

கூட்டத்தில் என்ன நடந்தது என்று உங்களிடம் யாராவது சொன்னார்களா, ஐயா? சொல்லியிருக்க மாட்டார்கள். பெரிய திரையில் என் படத்தைப் போட்டார்கள். குழுவே சேர்ந்து வளர்த்த படத்துக்கு இது எடுத்துக்காட்டு என்றார் பயிற்சியாளர். "இந்தக் குமிழ், மணி, கதவு, பாருங்க, எவ்வளவு நுணுக்கம்" என்று ஒவ்வொன்றாகக் குச்சியால் தொட்டுக் காட்டினார். தொட்டுக் காட்டிய ஒவ்வொன்றும் அந்த நேரத்தில் கீழ்த்தளத்தில் அதனதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி போலிருக்கு. முடிச்சாச்சா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இப்பதான் முடிச்சேன் சார்" என்றேன்.

"அப்ப போடுங்க டிக்கை."

மடியில் வைத்திருந்த கைப்பேசியில் விரலை வைத்தேன். பெரிய திரை முழுக்கச் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகக் காகிதத் துணுக்குகள் பறந்தன. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பத்தொன்பது வருடத்தில் எனக்காக அந்தக் கட்டடத்தில் யாரும் கைதட்டியதில்லை. கண் கலங்கிவிட்டது. மறைப்பானேன்.

பிறகு மேனேஜர், "சிரிப்பு எங்க, இன்னும் வரலையே?" என்றார். "உள்ள வேலையா இருக்கான் சார்" என்றேன். அவர் அடுத்த தலைப்புக்குப் போனார். கூட்டம் ஆறரை வரை நீண்டது. காலையில் அவன் என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்துதான் வந்திருந்தான். மாலை வண்டி லேசாக ஓடியது. வாசலில் காவலாளி கைப்பேசியில் ஏதோ வட்டம் போட்டுக்கொண்டிருந்தவர், நிமிராமலே சல்யூட் வைத்தார். வீட்டில் என் மனைவி, "தம்பி போன் எடுக்க மாட்டேங்கறான்" என்றாள். "உள்ள சிக்னல் இருக்காது" என்றேன். இதில் எது பொய் என்று சொல்லுங்கள்.

மறுநாள் காலையில் பெட்டி இறக்க வந்தவர்கள்தான் திறந்தார்கள். அட்டைப் பெட்டிகளைப் பிரித்து மேலே போர்த்திக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருந்தானாம். கையில் அந்தச் சிவப்புக் குமிழ் இருந்ததாம். யோசித்துச் செய்கிற பையன்தான். என் மனைவி இதுவரை என்னைப் பார்க்க வரவில்லை. அவளுக்கு இருப்பது ஒரே தம்பி. இருந்தது, என்று சொல்லவேண்டும்.

சரி, அந்த நாற்பது விநாடி.

அவன் கதவு வரை வந்து நின்றான். அன்று சிரிக்கவில்லை. சிரிக்காமல் பார்த்தால் அவன் முகம் அப்படியே என் மனைவியின் முகம். கேமராவில் அது தெரியாது.

"மாமா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? அந்தப் படத்துல நடுவுல தடைன்னு போட்டிருக்கீங்களே, அது நான்தானே?" என்றான்.

நான் கொண்டியில் படிந்திருந்த பனியைத் துடைத்தேன்.

"அந்தப் பொறுப்பாளர் வேலை உங்களுக்கு வரவேண்டியது மாமா. எனக்கு வேணாம். நேத்தே மேனேஜருக்கு எழுதி வச்சுட்டேன், கூட்டம் முடிஞ்சதும் குடுக்கறேன். அக்காகிட்ட சொல்லாதீங்க, திட்டுவா" என்று சொல்லிச் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினான்.

அந்தக் கடிதம் உங்களிடம்தான் இருக்கும். ஈரத்தில் எழுத்து கலையாமல் இருந்தால் பாருங்கள், அவன் கையெழுத்து நன்றாக இருக்கும்.

"முதல்ல உள்ள போய் வேலையைப் பாரு, அப்புறம் பேசிக்கலாம்" என்றேன். அவனுக்குச் சிரிப்பு திரும்பி வந்துவிட்டது. உள்ளே போனான்.

யாரும் கேட்கவில்லை என்று முன்னால் சொன்னது மட்டும் சரியில்லை, ஐயா, திருத்திக்கொள்ளுங்கள். அவன் கேட்டான். தடையும் அந்த நிமிடமே நீங்கிவிட்டது. ஆனால் பதினேழு கிளை முடிந்து ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனது வரவில்லை.