கயிற்றை அவிழ்க்கச் சொன்ன டொக்டர் பூரணி

தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் பிள்ளைகளை இடுப்பில் சுமந்து வந்திருக்கும் தாய்மாரே!

குழந்தை வைத்தியர் டொக்டர் பூரணி இராசதுரை அவர்களிடம் நெடுங்காலம் அப்போதிக்கரியாக, மருந்து கலந்து கொடுப்பவனாக, வேலை செய்தவன் நான், அப்துல் மஜீத். போன ஞாயிறு மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. அன்று தொடக்கம் எனக்குத் துக்கத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருக்கிறது. இந்தச் சபையில் அதை மறைக்க மாட்டேன்.

ஓரிடத்தில் இராத பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, தெருவென்றும் கடலென்றும் பாராமல் ஓடுகிற பிள்ளை! அவனை நாம் என்ன சொன்னோம்? பேய் பிடித்தவன் என்றோம். வளர்ப்புப் பிழை என்று தாயை ஏசினோம். டொக்டர் பூரணி அந்தத் தாயைக் கதிரையில் இருத்தி, பிள்ளை பிறந்த கதையைக் கேட்டார். மாதம் நிரம்பிப் பிறந்தவனா? நிறை குறைவா? வலிப்பு வந்ததா? குடும்பத்தில் வேறு யாரும் இப்படியா? ஏதாவது ஒன்று இருந்தால் கைக்குழந்தையிலேயே கவனித்துவர வேண்டும் என்பார்.

கிண்ணியா றுக்கியாவின் மகன் அஸீம் ஏழு மாதத்தில் பிறந்தவன். "இவன் துடியாட்டமா வளரலாம், வளராமலும் விடலாம். மாதாமாதம் கொண்டு வாங்கோ" என்று டொக்டர் சொல்லியிருந்தார். பிள்ளை நடக்கத் தொடங்கியதும் அவர்கள் வருவது நின்றுவிட்டது. டொக்டரும் நானும் தோணியேறித் தேடிப் போனோம். முற்றத்துத் தென்னையில் கட்டிய கயிறு இடுப்பில் இருக்க நின்றான் பிள்ளை.

"அவிழுங்கோ!" என்றார் டொக்டர்.

"கடல் கிட்ட, டொக்டர். இவன் நிக்க மாட்டான்" என்றார் தகப்பன் ஸெய்னுதீன்.

"அவிழுங்கோ எண்டு சொல்றன்!"

அவிழ்த்ததுதான் தாமதம், பிள்ளை பாய்ந்தான். ஐயோ, அந்த ஓட்டம்! சேலையோடு தண்ணீருக்குள் விழுந்து அவன் காலைப் பிடித்தார் டொக்டர்.

"பாத்தீங்களா? வெறுப்புல இல்ல, பயத்துலதான் கட்டினனான்" என்று ஸெய்னுதீன் அழுதார். "நீங்க சொன்ன நாள்ல இருந்து எனக்கு நித்திரையே இல்ல" என்றார் றுக்கியா.

மணலில் இருந்த டொக்டர் பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டார். "சொல்லாம விட ஏலாது, றுக்கியா. சொல்லிப்போட்டு உங்களைத் தனிய விட்டதுதான் என்ர பிழை. எனக்கும் பயம்தான். இனி நானே வாறன்."

வந்தார்! சுற்றிவர வேலி அடைப்பித்தார். எட்ட நின்று கத்தாமல், கிட்டப் போய், கண்ணைப் பார்த்து, ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் சொல்லப் பழக்கினார். அஸீம் இன்று பள்ளிக்குப் போகிறான். குணமாகிவிட்டான் என்று பொய் சொல்ல மாட்டேன். பாடத்தின் நடுவே இன்றும் எழும்பி ஓடுகிறான். ஆனால் உயிரோடு இருக்கிறான். அவனை யாரும் கட்டுவதில்லை.

இனி யார் தோணியேறிப் போவார்? எந்த முற்றத்தில் எந்தப் பிள்ளை இப்போது கயிற்றில் நிற்கிறதோ? புது டொக்டர் எப்போது வருவார் என்று சுகாதாரத் திணைக்களத்தில் கேட்டுவிட்டேன். இன்னும் ஒருவரையும் நியமிக்கவில்லை என்கிறார்கள்.

தாய்மாரே, நான் டொக்டர் அல்ல. நோய்க்குப் பெயர் வைக்க எனக்கு ஏலாது. ஆனாலும் வரும் செவ்வாய் டொக்டரின் கிளினிக் கதவைத் திறப்பேன். பிள்ளைகளை நிறுப்பேன், டொக்டர் கேட்டதையே கேட்பேன், ஐயமிருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே பஸ்ஸில் கூட்டிப்போவேன். வராதவர்களின் வீட்டுக்கு வருவேன். வேலிப் படலையைத் திறந்து விடுங்கள்.