ஸ்பிரிங் ஏறாத பிஸ்டல்

இரண்டாவது ஷெல் வெடிக்கிறது. முதலில் காதில் ஒரே அறை. பிறகு தகரக்கூரை மேல் ஆணி கொட்டுவதுபோல் நீண்ட சத்தம். காவலறையில் மூன்று பேர் தரையோடு கிடக்கிறோம். முன் கேட் எரிகிறது. பின் கேட் பூட்டியிருக்கிறது. சாவி தாமோதரனின் இடுப்பில்.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலை. நான் எடைமேடை கிளார்க். துறைமுகத்திலிருந்து லாரியில் வந்த பழைய இரும்பில் வெடிக்காத பீரங்கி ஷெல்கள் கலந்திருந்தன. எந்த நாட்டுப் போரில் மிஞ்சியவை என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

தாமோதரன் காவலாளி. ராணுவத்தில் இருந்தவர். சாப்பாட்டுக்குப் பின் ஆலையின் பிஸ்டலைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். முதல் வெடியில் மேசை கவிழ்ந்தது. பாகங்கள் சிதறின. ஒன்று தொலைந்தாலும் ஸ்டேஷனில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பொறுக்குகிறார். குழலை மேலுறையான ஸ்லைடுக்குள் வைக்கிறார். ஸ்லைடைப் பிடியின் மேல் ஏற்றுகிறார்.

“நைனா, அத்த கடாசிட்டு வா! உசுரு போய்க்கினு கீது, இன்னாமோ பொம்ம செஞ்சிக்கினு கீற!”

கேன்டீன் மல்லிகா. எளாவூர்க்காரி.

“இரும்மா. ஒரு சாமான் கொறஞ்சாலும் என்னத்தான் உள்ள வெப்பானுங்க.”

ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பார்க்கிறார். அது முன்னால் திரும்பவில்லை. உள்ளே ஸ்பிரிங் இல்லை. அவசரத்தில் அது இல்லாமலே மாட்டியிருந்தார். மறுபடி பிரிக்கிறார்.

மூன்றாவது ஷெல். ஜன்னல் கண்ணாடி உள்ளே விழுகிறது. புகை. மல்லிகா அவர் இடுப்பிலிருந்து சாவியைப் பிடுங்குகிறாள். என்னிடம் எறிகிறாள். அவர் தடுக்கவில்லை.

“போங்க! தோ வந்துட்டேன்!”

பின் கேட்டைத் திறந்தேன். வெளியே முள்வேலி, ஓடை, வெயில். திரும்பிப் பார்த்தேன். அவர் மேசைக்கடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். என் பின்னால் வந்த மல்லிகா நின்றுவிட்டாள்.

“யோவ்! வெளிய வாய்யா!”

திட்டிக்கொண்டே உள்ளே ஓடினாள்.

நான்காவது வெடியை நான் கேட்கவில்லை. மண் தூக்கியெறிந்தது மட்டும் தெரியும்.

மறுநாள் போலீஸ் பிஸ்டலைத் தேடியது. எல்லாப் பாகங்களும் கிடைத்தன. ஸ்பிரிங் தாமோதரன் கைக்குள் இருந்தது. மல்லிகாவின் கை அவர் சட்டைக் காலரில்.

எரிந்தவை: காவலறை, எடைமேடை, லாரி ஒன்று. என் இடது காது செவிடாகிப் போயிற்று. இறந்தவர்கள் ஆறு பேர். தாமோதரன். மல்லிகா. பழைய இரும்பு பிரித்த பீகார் தொழிலாளிகள் நான்கு பேர். அந்த நால்வரில் இருவருடைய பெயர் எங்கள் யாருக்கும் தெரியவில்லை.