ஒரு ஓலைக் கனம்

பனை ஓலையை வெட்டியவுடன் பயன்படுத்தக் கூடாது சார். ஒரு மாதம் நிழலில் கிடந்து காயவேண்டும். வெயிலில் போட்டால் சுருண்டுகொள்ளும். எங்கள் வீட்டுப் பின்னால் நிற்கிற பனையில் ஆள் ஏற்றி முற்றின ஓலையாகப் பார்த்து வெட்டி, கட்டிலுக்கு அடியில் பரப்பி வைப்பேன். அதில் பெட்டி முடையலாமே என்று என் மனைவி பலமுறை கேட்டிருக்கிறாள். கொடுத்ததில்லை. அது என் தொழிலுக்கு வேண்டியது.

நான் ஸ்டேஷனுக்கு வந்தது செல்வதாஸின் சாவைப் பற்றிச் சொல்ல. அதற்கு ஓலையில் இருந்துதான் வரவேண்டும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். என் பெயர் ஜெயசிங். வயது நாற்பத்தேழு. தக்கலைக்கும் இரணியலுக்கும் நடுவில் இருக்கிற பட்டறையில் ஒன்பது வருஷமாக மில்லிங் மிஷின் ஓட்டுகிறேன். யுத்தம் முடிந்த பிறகு கொச்சியில் ஏலம் போட்ட சாமான்களோடு வந்த மிஷின் அது. முதலாளி அதை லாரியில் கொண்டுவந்து இறக்கியபோது, ஓட்டத் தெரிந்தவர் இந்தப் பக்கத்தில் யாருமில்லை. எனக்கும் தெரியாது. தெரிந்தவன்போல் நின்றேன். பிறகு தெரிந்துகொண்டேன்.

காயல் படகுகளின் அடியில், தண்ணீருக்குள் சுற்றுகிற வெண்கல விசிறிகளை நாங்கள் செய்கிறோம். பங்கா என்று சொல்வோம். வார்ப்பில் இருந்து வரும்போது அது முரட்டுப் பண்டம். அதன் இதழ்களை மிஷினில் சீவி வளைவு கொண்டுவர வேண்டும். சீவுகிற கட்டரின் முனை உருண்டையாக இருக்கும். அதை நேர் செங்குத்தாக இறக்கினால் நுனி வெட்டாது, தேய்க்கும். இதழ் முழுக்கக் கீறல் விழும். மிஷினின் தலையைக் கொஞ்சம் சாய்த்து இறக்கினால் கட்டரின் விளிம்பு வெட்டும், வெண்கலம் சுருள்சுருளாகக் கழன்று வரும். சரி, நிறையவே சாய்க்கலாமே என்றால், இதழுக்கும் இதழுக்கும் நடுவில் இடம் குறைவு. கட்டரைப் பிடித்திருக்கிற கழுத்து பக்கத்து இதழில் போய் இடிக்கும். அந்த வேகத்தில் சுற்றுகிற இரும்பு இடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை, உங்கள் ஆட்கள் வந்து பார்த்திருக்கிறார்கள்.

அதற்காக நான் கண்டுபிடித்த முறைதான் ஓலை. மிஷினை ஓட்டுவதற்கு முன்னால், கையாலேயே தலையைச் சாய்த்து, இடம் மிகக் குறைவாக இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கழுத்துக்கும் பக்கத்து இதழுக்கும் நடுவில் இரண்டாக மடித்த ஓலையை நுழைத்து இழுக்க வேண்டும். தடையில்லாமல் உருவி வந்தால் வெட்டலாம். சிக்கினால் சாய்வைக் குறைக்க வேண்டும். பட்டறையில் எல்லாருக்கும் இது தெரியும். தெரியாத ஒன்று உண்டு. அந்த மிஷின் ஒரு மணி நேரம் ஓடிச் சூடேறினால், அதன் தலை தானாகக் கொஞ்சம் இறங்கும். பழைய மிஷின், அதற்கு அப்படி ஒரு குணம். இரண்டாக மடித்த முற்றின ஓலையின் கனம், அந்த இறக்கத்தைவிட ஒரு துளி கூடுதல். ஆகவே ஓலை உருவினால் எத்தனை மணி நேரம் ஓடினாலும் இடிக்காது. தலை இறங்குகிற விஷயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஓலை உருவணும், அவ்வளவுதான் என்பேன். ஏன் என்று யாரும் கேட்டதுமில்லை.

செல்வதாஸ் இறந்ததற்கு முந்தின வருஷம் ஐப்பசியில் வேலைக்கு வந்தான். கொச்சியில் கப்பல் வேலை பார்த்தவன். எங்கள் சபைக்காரன்தான், பாடகர் குழுவில் கட்டைக்குரலில் பாடுவான். மனைவி ஞானசெல்வி. பிள்ளைகள் இல்லை. அவனைப் பற்றி ஒரு குறை சொல்லச் சொன்னால் என்னால் முடியாது. அதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

என் வேலையில் ஒரு குறை இருந்தது. ஒரு இதழுக்கு ஒரே சாய்வுதான் வைப்பேன். இடிக்கக் கூடாது என்று தள்ளியே நிற்பேன். அதனால் இதழின் அடிப்பக்கத்தில் வெட்டாத வெண்கலம் தங்கிவிடும். அதை இரண்டு பேர் இரண்டு நாள் அரம் போட்டு எடுப்பார்கள். கோலப்பன் என்பவன் அதற்காகவே மிஷினுக்குப் பக்கத்து மேஜையில் நின்றான். இது இப்படித்தான் என்று ஏழெட்டு வருஷமாக எல்லாரும் நம்பினோம். செல்வதாஸ் ஒரு தாளில் கணக்குப் போட்டான். நுனியில் ஒரு சாய்வு, நடுவில் ஒரு சாய்வு, அடிக்குப் போகப் போக இன்னொன்று. இதழ் வளைகிற கணக்குக்குத் தலையும் வளைந்து போனது. அடிவரைக்கும் சுத்தமாக வெட்டி, எங்கும் இடிக்காமல் வெளியே வந்தான். அரம் போட ஒன்றும் மிச்சமில்லை. கோலப்பன் அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

முதலாளியும் தடவிப் பார்த்தார். எல்லாரும் நிற்கும்போதே சொன்னார்.

“ஜெயசிங்கு, இனி பங்காவ செல்வதாஸ் பாக்கட்டும். நீ அரம் போடுதவனுவளப் பாத்துக்கிடு.”

நான் சரி என்றேன். வீட்டுக்குப் போய் மீன்கறி ஊற்றிச் சாப்பிட்டேன். கோபம் வந்ததாக எனக்கு நினைவில்லை. மறுநாள் காலையில் செல்வதாஸ் என்னிடம் வந்தான். முதலாளி அப்படிச் சொன்னது தனக்குச் சங்கடமாக இருக்கிறது என்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

“கணக்கு எனக்க கணக்குதான். ஆனா அண்ணே, உங்களுக்க ஓல உருவாம நான் கட்டர எறக்க மாட்டேன். அத நீங்கதான் வெட்டித் தரணும்.”

அவன் என்னை மட்டம் தட்டியிருந்தால் நான் பொறுத்திருப்பேன். அவன் மரியாதை செய்தான். என் ஏழெட்டு வருஷ வேலையில் ஓலை மட்டும்தான் எடுத்துக்கொள்ளத் தக்கது என்று பொறுக்கி எடுத்து, மீதியை என்னிடமே விட்டுவிட்டான். அப்போதுதான் எனக்கு வயிறு எரிந்தது. தினமும் காலையில் ஒரு ஓலைத் துண்டு வெட்டிக் கொடுத்தேன். தினமும் நன்றி சொல்லி வாங்கினான். அந்த நன்றியைக் கேட்காமல் இருப்பதற்காக நான் பட்டறைக்குச் சீக்கிரம் போய், மிஷின்மேல் வைத்துவிட்டு நகர்ந்த நாட்களும் உண்டு. தேடிவந்து சொல்வான்.

போன வருஷம் குருத்தோலை ஞாயிறு. எங்கள் பக்கத்து ஆலயங்களில் அன்றைக்குப் பனங்குருத்துதான் தருவார்கள். கையில் பிடித்து ஓசன்னா பாடிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தோம். செல்வதாஸ் எனக்கு முன்னால் நடந்தான். என் கையில் இருந்த ஓலையை விரலால் தடவிக்கொண்டே வந்தேன். குருத்தோலை மிகவும் மெல்லியது சார். மடித்தாலும் முற்றின ஓலையின் கனத்தில் பாதிகூட வராது. ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து எல்லாரும் வேதப்புத்தகத்துக்குப் பின்னால் செருகி வைப்பார்கள். நான் அடுக்களையில் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டேன். இரண்டு நாள் புகையில் அதன் வெளுப்பு போய், பழைய ஓலையின் நிறம் வந்துவிட்டது. புதன்கிழமை காலையில் துண்டு நறுக்கி, சிக்காமல் உருவ வேண்டும் என்று கொஞ்சம் எண்ணெயும் தடவினேன்.

அன்றைக்கு நான்கு இதழ் பங்கா. கொல்லத்து லாஞ்சுப் படகு ஒன்றுக்கு, நாங்கள் செய்ததிலேயே பெரியது. நான்கு இதழ் என்றால் நடுவில் இடம் இன்னும் குறைவு. மற்றவர்கள் வருவதற்கு முன்னால் ஓலையை அவன் கையிலேயே கொடுத்தேன். மடித்தான், நுழைத்தான், இழுத்தான். உருவி வந்தது. என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினான். நானும் ஆட்டினேன்.

ஒரு மணி நேரம் கழிந்து, பத்துப் பதினைந்து நிமிஷம் போயிருக்கும். சத்தம் கேட்டது. கழுத்து பக்கத்து இதழில் இடித்து, கட்டர் சிதறியிருந்தது. பங்கா பிடியில் இருந்து பிய்ந்து கோலப்பனுடைய மேஜைமேல் கிடந்தது. கட்டரின் ஒரு துண்டு செல்வதாஸின் தொண்டையில் ஏறியிருந்தது. முதலாளியின் காரில் தூக்கிப் போட்டோம். என் மடியில்தான் தலை இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஒரு மைல் இருக்கும்போது அவன் கை தளர்ந்துவிட்டது. நான் அழுதேன். அது நடிப்பில்லை.

விசாரணைக்கு வந்தவர், ஓலை வைத்துப் பார்த்தானா என்று கேட்டார். பார்க்கவில்லை, அவசரப்பட்டான் என்றேன். ஓலையை அதற்குள் உலையில் போட்டிருந்தேன். ஓலை விஷயத்தில் என் பேச்சுக்கு மேல் பேச்சு இல்லை, எல்லாரும் நம்பினார்கள். இறந்தவனுடைய கவனக்குறைவு என்று எழுதினார்கள். மிஷின் மறுபடி என் கைக்கு வந்தது. அவன் கணக்குப் போட்ட தாள் மேஜை இழுப்பறையில் இருந்தது. ஒரு வருஷமாக அதைப் பார்த்துத்தான் சாய்வு வைக்கிறேன், முற்றின ஓலையோடு. இப்போது என் பங்காவுக்கு அரம் போட வேண்டியதில்லை. கை தேறிவிட்டது என்று முதலாளி சொல்கிறார். அப்படிச் சொல்லும்போது நான் இழுப்பறையை மூடிவிடுவேன். ஆனாலும் அந்தத் தாளை நான் கிழித்துப் போடவில்லை.

இவ்வளவையும் நான் சுமந்துகொண்டு இருந்திருப்பேன் சார். முந்தாநாள் அவன் இறந்து ஒரு வருஷம் நிறைந்தது. ஞானசெல்வி பட்டறைக்கு வந்தாள். வெள்ளைச் சேலை, கையில் பைபிள். வேலை நேரத்தில் வந்ததற்கு மன்னிக்க வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டுவிட்டு, எங்கள் எல்லாரையும் கூப்பிட்டாள். என் முன்னால் வந்து நின்றாள்.

“அண்ணே, அவிய அவசரத்துல செஞ்சுபோட்டாவ. நீங்க சொல்லித் தந்தத கேக்காம போனாவ. உங்களுக்க மிஷினும் கெட்டுது, பேரும் கெட்டுது. அவியளுக்காக நான் மாப்பு கேக்கேன். நீங்க பொறுத்துக்கிடணும்.”

அவன் ஒரு நாளும் நான் சொன்னதைக் கேட்காமல் போனவன் இல்லை. என் ஓலையைக் கேட்டுத்தான் செத்தான். அதை நான் சொல்லியிருக்க வேண்டும். எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“பொறுத்தாச்சு அம்மா” என்றேன்.

அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். ஒரு வருஷமாக ஆலயத்தில் நற்கருணை அப்பம் வாங்க எழுந்து போகாமல் இருந்தாளாம், புருஷன் செய்த தப்பு மனதில் கிடந்து உறுத்தியதால். இந்த ஈஸ்டருக்குப் போவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் எல்லா மாதமும் முதல் வரிசையில் முழந்தாளிட்டு வாங்கியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது சார். பயமில்லை, வெட்கம். அவனைக் கொன்றது ஒரு பக்கம். அவன் மனைவிக்கு நான் மன்னிப்புக் கொடுத்திருக்கிறேன். அதனால்தான் இன்றைக்குக் காலையில் நடந்தே இங்கே வந்தேன். அவன் ஓலை வைத்துப் பார்த்தான் என்று நீங்கள் எழுத வேண்டும். அவளிடம் அதை வாசித்துக் காட்டவும் வேண்டும்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் சாகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பங்கா கெட்டுப்போகும், முதலாளி நாலு பேர் முன்னால் அவனைத் திட்டுவார், அவ்வளவுதான் என் மனதில் இருந்தது. துண்டு பறக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறது நியாயமான கேள்விதான். கோலப்பனுடைய மேஜை மிஷினை ஒட்டித்தான் இருக்கிறது, பங்கா விழுந்ததும் அவன் நிற்கிற இடத்தில்தான். அவனுக்கு எப்படி ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்கள். அவன் அப்போது அங்கே இல்லை. என்னோடு பின்புறத்து வளாகத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தான். மிஷின் ஓடத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆனதைச் சுவர்க் கடிகாரத்தில் பார்த்துவிட்டு நான்தான் அவனைக் கூப்பிட்டேன். அங்கே ஒரு வார்ப்பு கிடந்தது, நகர்த்தி வைக்க வேண்டும் என்றேன். ஜெயசிங் அண்ணன் கூப்பிட்டதால் உயிர் தப்பினேன் என்று அவன் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான். அந்த வார்ப்பை நகர்த்த அன்றைக்கு அவசியமில்லை. மூன்று பேர் தூக்குகிற பாரம் அது. மிஷின நிறுத்திட்டு செல்வதாசையும் கூப்பிடட்டுமா அண்ணே என்று கோலப்பன் கேட்டான்.

“அவன் வேல செய்யட்டு, விளிக்கண்டாம். நாம ரெண்டு பேரு போரும்” என்றேன்.