உடையாத ஒட்டு

இந்தக் காலத்துச் சனத்துக்கு வரிசையில் நிற்கத் தெரியாது, ஐயா. பாண் கடையில் போய்ப் பாருங்கள். முதலில் வந்தவன் சும்மா நிற்பான். இப்போது வந்தவன் அவன் தோளுக்கு மேலால் கையை நீட்டி "ரெண்டு றாத்தல்" என்பான். பஸ்ஸில் இறங்குகிறவனை இறங்கவிடாமல் ஏறுவார்கள். கேட்டால் அவசரமாம். ஊரில் எல்லோரும் டொக்டர்மார் போலிருக்கிறது, எனக்குத்தான் ஒருவரும் சொல்லவில்லை.

பெயர் அருளப்பு. வயது எழுபத்தொன்று. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஆலங்குடாவில் ஃபைபர் வள்ளங்களுக்கு ஒட்டுப் போடுவது தொழில். ஆறுதலாக எழுதுங்கள். பொலிசில் கதை சொல்லி நல்லாயிருந்த ஒருவனை நான் இன்னும் காணவில்லை. என்றாலும் உங்கள் புத்தகத்தில் ஒரு பிழை கிடக்கிறது. ஃபைஸலின் சாவைப் பற்றி, "கிளைடர் இறக்கையின் ஒட்டு விட்டதால் நேர்ந்த விபத்து" என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்த ஒட்டுப் போட்டவன் நான். அதைத் திருத்தத்தான் வந்தேன்.

கிளைடர் என்றால் மோட்டார் இல்லாத சின்ன விமானம், ஆள் ஏறுவதில்லை, கீழே நின்று ரிமோட்டால் ஓட்டுவது. பத்து வருடத்துக்கு முன் கடலில் பட்டம் பிடித்துச் சறுக்க வந்த ஒரு வெள்ளைக்காரன், மூக்கு நொறுங்கிய ஒன்றை ரிமோட்டோடு என்னிடம் விட்டுவிட்டுப் போனான். வள்ளத்துக்குப் போடும் அதே துணி, அதே ரெசின்தான். மெல்லிசாகப் போட்டேன். பறந்தது. சோளகக் காற்று கடலிலிருந்து வந்து மணல்மேட்டில் மோதி மேலே கிளம்பும். அதில் விட்டால் பருந்து மாதிரி நிற்கும், ரிமோட்டால் வாலைக் கொஞ்சம் அசைத்தால் போதும். சத்தம் கிடையாது. வாய் பேசாத சாமான் என்பதாலேயே எனக்கு அதைப் பிடித்துவிட்டது.

ஃபைஸல் ஹோட்டலில் மின்சார வேலை செய்தவன். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனத்தை விரட்டியபோது மன்னாரிலிருந்து உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளை. நல்ல பொடியன் என்று ஊரே சொல்லும். நாற்பத்திரண்டு வயதில் பொடியன். அவனுக்கும் ஒரு விருந்தாளி தன் கிளைடரைக் கொடுத்துவிட்டுப் போனான். மூன்று மீற்றர் இறக்கை, மூக்குக்குள் ஈயம். எங்கள் இரண்டு ரிமோட்டும் பழைய வகை, ஒரே அலை. இரண்டையும் ஒன்றாகப் போட்டால், எது கிட்ட நிற்கிறதோ அதன் சொல்லைத்தான் கிளைடர் கேட்கும்.

அதனால் ஒரு சட்டம் வைத்திருந்தோம். சிவப்பு உடுப்புக் கிளிப் ஒன்று. அது யாருடைய சட்டையில் இருக்கிறதோ அவன்தான் ரிமோட்டைப் போடலாம். இறக்கி, அணைத்து, கிளிப்பைக் கழற்றி மற்றவன் கையில் கொடுக்க வேண்டும். நான்கு வருடம் ஒருநாளும் பிசகவில்லை.

ஆடி மாதம் அவனுடைய கிளைடர் தென்னையில் மோதி இறக்கை முறிந்தது. பதினொரு நாள் வேலை செய்தேன். உள்ளே கார்பன் கம்பி வைத்து, மேலே துணி சுற்றி, தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். கண்ணை மூடித் தடவினால் ஒட்டு எங்கே என்று தெரியாது. கொடுக்கமுதல் என் ரிமோட்டைப் போட்டு வாலைச் சோதித்தேன். நான் சொன்னதைக் கேட்டது. அதையும் எழுதுங்கள், உங்களுக்கு உதவும்.

அவன் செத்தது ஒரு ஞாயிறு பின்னேரம். கொழும்பிலிருந்து வந்த ஹோட்டல் விருந்தாளிகள் மணல்மேட்டில் கூடியிருந்தார்கள். முறை என்னுடையது. கிளிப் என் சட்டையில். ஃபைஸல் வந்தான், சிரித்துக்கொண்டே அதைக் கழற்றித் தன் சட்டையில் குத்தினான்.

"அண்ணே, கெஸ்ட்மார் பாத்துக்கொண்டு நிக்கிறாங்க. நீங்க பொறகு விடுங்களே."

பிறகு இறக்கையைத் தட்டி அவர்களுக்குக் காட்டினான். "இத ஒட்டினது இந்த அண்ணன்தான். வள்ளம் ஒட்டுற ஆள். இனி இது பறக்காட்டியும் மிதக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டுமா?

என் ரிமோட்டை எடுத்துக்கொண்டு அடம்பன் கொடிப் பக்கம் போய் இருந்தேன். கிளைடர் திரும்பி வரும் வழிக்கு அவனைவிடக் கிட்ட. அது இரண்டு தரம் கடலுக்கு மேலே போய் வந்தது. அப்போதே விழுத்தியிருக்கலாம். ஆனால் கடலில் விழுந்தால் என்ன சொல்வார்கள்? ஒட்டு விட்டது என்பார்கள். காட்டுவதற்குத் துண்டும் மிஞ்சாது. தரையில்தான் விழ வேண்டும், எல்லோரும் வந்து பார்க்க வேண்டும். நான் யோசிக்காமல் ஒன்றும் செய்கிறவன் இல்லை.

மூன்றாம் தரம், விருந்தாளிகள் படம் எடுக்கட்டும் என்று, மேட்டை ஒட்டித் தாழ்வாகத் தன்னை நோக்கியே கொண்டுவந்தான். நான் ரிமோட்டைப் போட்டேன். போட்டது மட்டும் என்று முதலில் சொல்லத்தான் இருந்தேன். குச்சியை முன்னுக்குத் தள்ளியதும் நான்தான். அது மூக்கைக் குத்திக்கொண்டு அவனிடம் போனது. அவன் என்ன செய்தான் தெரியுமா? தன் ரிமோட்டைக் குனிந்து பார்த்தான். கிளைடர் பிழையாக வந்தால் முதலில் தரையோடு படுக்க வேண்டும், பிறகுதான் ரிமோட். இது ஒரு குழந்தைக்கும் தெரியும். ஈயம் கழுத்துக்குக் கீழே பட்டது.

நான் அணைத்தேன். ஓடிப்போனவர்களில் நானும் முன்னுக்கு. முதலில் ஒட்டைத்தான் பார்த்தேன். இறக்கை ஒரு சாண் தள்ளி, கொம்பனிக்காரன் செய்த இடத்தில் முறிந்திருந்தது. என் ஒட்டு அப்படியே இருந்தது. ஒருவர்கூடக் கவனிக்கவில்லை, எல்லோரும் அவனையே சுற்றி நின்றார்கள்.

நேற்று அவனுடைய தாய் றஹ்மத் உம்மா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனேன். முற்றத்தில் கதிரை போட்டு இருத்தினார். நீங்கள் திருப்பிக் கொடுத்த கிளைடர்த் துண்டுகள் சுவரோரம் சாய்ந்து கிடந்தன. உள்ளே திரைக்குப் பின்னால் அவன் மனைவி ஃபஹ்மியா, புருஷன் செத்ததற்கு வெளியே வராமல் இத்தா இருக்கிறாள், ஓதும் சத்தம் கேட்டது.

"அண்ணன், நீங்க தூங்காம இருப்பீங்க எண்டு எனக்குத் தெரியும்" என்றார் உம்மா. "வேணுமெண்டா செஞ்சீங்க? ஒட்டு விட்டுப் போச்சு. அது அவன்ட நாள். நானும் மருமகளும் ஒங்களுக்கு மாப்பு செஞ்சிட்டம். தேத்தண்ணி குடிங்க."

தூக்கம் எனக்கு நன்றாகத்தான் வருகிறது. புத்தியுள்ளவன் தேத்தண்ணியைக் குடித்து, கண்ணைத் துடைத்து, வீட்டுக்கு வந்திருப்பான். ஆனால் நாற்பது வருடம் ஒட்டுப் போட்ட கை இது. என் வேலை பிழைத்ததற்கு மன்னிப்பா? செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வாங்கும் ஆள் நான் இல்லை.

ஒட்டு விடவில்லை, உங்கள் மகனை நான்தான் கொன்றேன் என்று சொன்னேன். உங்களுக்குச் சொன்ன மாதிரியே முறையாக, குச்சி வரைக்கும் சொன்னேன். திரைக்குப் பின்னால் ஓதும் சத்தம் நின்றது.

றஹ்மத் உம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ட மவன் ஒங்களுக்கு என்ன செஞ்சான்?"

கிளிப்பைக் கழற்றியதைச் சொன்னேன். மிதக்கும் என்ற பகிடியையும் சொன்னேன்.

"அதுக்குப் பொறகு?"

"அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றார். இன்னும் ஏதோ வரும் என்பதுபோல் காத்திருந்தார்.

நான் எழுந்துபோய் இறக்கையைத் தூக்கிவந்து அவர் முன்னால் பிடித்தேன். ஒட்டின்மேல் பெருவிரலை வைத்து, ஒரு மயிர்வெடிப்பாவது இருக்கிறதா பாருங்கள் என்றேன். அவர் பார்வையை என் முகத்தைவிட்டு எடுக்கவில்லை. "போங்க" என்றார், மெதுவாகத்தான்.

இறக்கையை ஒட்டு வெளியே தெரிகிற மாதிரி சுவரில் சாத்திவிட்டுப் படலையைத் திறந்து நடந்தேன். கொலை என்று எழுதுங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் வழி முழுக்க ஒன்றைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். பெற்ற தாய், ஐயா. மகன் எதனால் செத்தான் என்ற அக்கறை இருந்தால், அந்த இடத்தை ஒருதரம் தடவியாவது பார்த்திருக்க மாட்டாரா?