செங்கற்களால் பூகம்பத்தைக் காட்டிய லியோன் பஸ்தியாம்பிள்ளை ஆசிரியர் அவர்களுக்கு

அம்பிட்டிய மலைச்சரிவில் முப்பத்தோராண்டு அறிவை அள்ளி வழங்கி இன்று இளைப்பாறும் அண்ணலே! பாறையின் பாஷையைப் பாலர்க்கும் பகர்ந்த பண்பாளரே! வெண்கட்டித் தூள் படிந்த கோட்டுடனேயே பூசைக்கும் வந்த புண்ணியரே! வணக்கம்.

1934 தைமாதம் வட இந்தியாவைப் பெரும் பூகம்பம் உலுக்கிய செய்தி கேட்டுப் பிள்ளைகள் நடுங்கியபோது, தாங்கள் அப்பயத்தையே பாடமாக்கினீர்கள். எட்டுச் செங்கற்களைப் பலகையில் வரிசையாக வைத்து, றப்பர் பட்டிகளால் ஒன்றோடொன்று பிணைத்து, ஒவ்வொன்றையும் இன்னொரு பட்டியால் ஒரு சட்டத்தில் கட்டி, அச்சட்டத்தை மெல்ல இழுத்தீர்கள். ஒரு கல் சறுக்கினால் அதன் இறுக்கம் தளரும், பக்கத்துக் கல்லின் இறுக்கமோ கூடும். நிலத்தடிப் பிளவிலும் இவ்வாறே என்று கடைசி வாங்கில் இருப்பவருக்கும் விளங்கவைத்தீர்கள். எவ்வளவு பெரிய பூகம்பமானாலும் பாதி இறுக்கம் மிஞ்சியே நிற்கும் என்றும் கற்பித்தீர்கள்.

அவ்வாண்டே பாடசாலைப் பரிசோதகர் வந்தார். தலைமையாசிரியர் பதவி காலியாயிருந்தது. அவர் ஒரு சொல் சொன்னால் அப்பதவி தங்களுக்குத்தான். அவர் முன்னே தாங்கள் சட்டத்தை இழுக்க, அந்நேரம் பார்த்து எட்டுக் கற்களும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஒரே ஓட்டமாய் ஓடின. பட்டிகள் யாவும் தொய்ந்தன. கடைசிக் கல் பரிசோதகரின் சப்பாத்தில் விழுந்தது!

"பட்டி பழசு எண்டு சொல்லுங்கோ" என்று, பக்கத்தில் நின்ற உதவியாசிரியனான நான் தங்கள் காதில் ஓதினேன். தாங்களோ பட்டிகளைத் தடவிப் பார்த்து, "பிள்ளையள், இவ்வளவு நாளும் பிழையாச் சொல்லிப்போட்டன். எல்லாம் சேர்ந்து ஓடினா இறுக்கம் முழுக்கவே போயிடும்போல கிடக்கு. கொப்பியில எழுதினதை வெட்டுங்கோ" என்றீர்கள். தம் பாடமே அறியாத ஆசிரியர் என்று பரிசோதகர் எழுதிப் போனார்.

பதவி எனக்கு வந்தது. முதல்நாள் கதிரையைத் தம் கைலேஞ்சியால் துடைத்து, "இருங்கோ வில்பிரட்" என்று மலர்ந்த முகத்தோடு அமர்த்தியவர் தாங்களே. அதன்பின் மத்தியான இடைவேளையில் தங்கள் சிரிப்பு கேளாத நாளில்லை. அந்த மனநிறைவைக் கண்டு நாங்கள் மகிழ்ந்தோம், சற்றுப் பொறாமையும் கொண்டோம்!

தங்களுக்கும் அன்பு மனைவி மார்கிரட் அம்மையாருக்கும் ஆண்டவர் நோயற்ற உடலும் நூறாண்டு வாழ்வும் நல்குவாராக! மூன்றாண்டாய் என் தொண்டையில் நின்றதை இன்று சபையறியச் சொல்கிறேன்: ஒரு சிறு பொய் சொல்லியிருந்தால் இப்பதவி தங்களுடையது. தங்கள் இடத்தில் நான் நின்றிருந்தால், சொல்லியிருப்பேன்.

அம்பிட்டிய, கண்டி
1937 மார்கழி

ஆசிரியர் குழாத்தின் சார்பில்,
வில்பிரட்
தலைமையாசிரியர்